தாயே, நாயே

பர்மிய மொழியில் ஒரு சொல் உண்டு. தமிழ்க் காதில் விழுந்தால், கும்பிட்ட கையோடு ஒருவர் வைவதுபோல இருக்கும்: 'தாயே நாயே'. 'தா' என்றால் இனிமை. 'நா' என்றால் நோவு. 'யே' என்றால் காரியம். நாம் 'நல்லது கெட்டது' என்கிறோமே, அதுதான். ஒருவரைப் பற்றி, "தாயே நாயேக்குத் தவறாத ஆள்" என்று பர்மியர்கள் சொன்னால் அதைவிடப் பெரிய நற்சாட்சி கிடையாது. கல்யாண வீட்டிலும் நிற்பார், எழவு வீட்டிலும் நிற்பார் என்று அர்த்தம்.

1950இல் அம்மா கல்யாணமாகி ரங்கூனுக்கு வந்த புதிதில், கீழ்வீட்டுப் பர்மியக் கிழவி அவளைப் பாராட்டி இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் அப்பாயி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அம்மா. இருபது வருஷம் பர்மாவில் இருந்தும் பர்மியம் பேசமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவள். மருமகளை ஒருத்தி நாயே என்கிறாள், இவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று அப்பாயி கிழவியோடு மல்லுக்கு நின்றுவிட்டாள். ஒருத்தி சொன்னது மற்றவளுக்குப் புரியாத சண்டை. ஆகவே சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு இரண்டு கிழவிகளும் சாகும்வரை ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள், அப்போதும் ஒருத்தி பாஷை மற்றவளுக்குத் தெரியாமலே.

அம்மா 2024 மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். 92 வயசு. படத்திறப்பு அன்று பேசிய பெரியவர் ஒருவர் அவளைச் 'சமூக சேவகி' என்றார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குப் பிடிக்காத சொல் அது. "சேவையெல்லாம் வேலையத்தவங்க செய்யறதுடி, எனக்குத் தலைக்குமேல வேலை கிடக்கு" என்பாள். எந்தச் சங்கத்திலும் அவள் பெயர் கிடையாது. கோவில் கமிட்டிக்குக் கூப்பிட்டபோது எழுபது தாண்டியிருந்தது. "எல்லாரும் மீட்டிங்ல உக்காந்துட்டா பாத்திரத்த யாரு கழுவுறது?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள், பதில் சொல்லவில்லை.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் எங்கள் வீட்டு அண்டாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அண்டாவுக்கு முன்னால் ஒரு சிரட்டை இருக்கிறது.

ரங்கூனுக்கு அக்கரையில், பீலிக்கான் அங்காளம்மன் திருவிழாவுக்குச் சனம் திரண்டு போகுமே, அந்தப் பக்கத்து வயல்காட்டுக் கிராமம் ஒன்றில் 1932இல் பிறந்தவள் அம்மா. தாத்தா செட்டியார் நிலத்தில் கூலி. தமிழ்நாட்டுக்காரர்கள் பர்மா என்றதும் தேக்குத் தூண் வைத்த காரைக்குடி வீடுகளை நினைப்பார்கள். அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் சேற்றில் நின்றவர்களும் தமிழர்கள்தான். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை சரிந்து பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போக, 1937க்குள் அது 25 பங்காயிற்று. இழந்தவனுக்குச் செட்டியார் முகமும் ஒன்றுதான், என் தாத்தா முகமும் ஒன்றுதான். இந்தியர்களைப் பர்மியர்கள் இளக்காரமாகச் சொல்லும் 'கலா' என்ற ஒரே சொல் இருவருக்கும். தாத்தாவுக்கு அந்த நிலத்தில் சொந்தமாக இருந்தது காலில் ஒட்டிய சேறு.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சனம் கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பியது. தாத்தாவும் பாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே நடந்தார். ரங்கூனிலிருந்து 160 மைலில் புரோம். அங்கே ஐராவதியைக் கடந்து, மலையேறி, தௌங்குப் கணவாய் வழியாகக் கடற்கரை போய்ச் சேர வேண்டும். மலைப்பாதை முழுக்கக் காலரா என்று புரோமிலேயே செய்தி வந்துவிட்டது. தாத்தா திரும்பிவிட்டார். 'முன்னால் போனால் காலரா, பின்னால் போனால் ஜப்பான்' என்று யோசித்து, தெரிந்த வயலிலேயே சாகலாம் என்று முடிவெடுத்ததாகப் பாட்டி சொல்வாள்.

அந்த நடையில் அம்மாவுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று. பாதையோரம் ஒரு பெண் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தமிழச்சியா தெலுங்குக்காரியா என்றுகூடத் தெரியாது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தாள். அம்மா குடித்துவிட்டுச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்திருக்கிறாள். ஒன்பது பத்து வயசுப் பிள்ளை, கையில் வேறு எந்தச் சாமானும் இல்லை. அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போனாளாம். "கஞ்சிய சும்மா குடுத்தா, செரட்டைய மட்டும் திருப்பிக் கேட்டாடி" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் எனக்கு அது கஞ்சத்தனமான கதையாகப் பட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் பாட்டி காதுத் தோட்டைக் கழற்றி நேதாஜியின் படைக்குக் கொடுத்ததும், ஜப்பான் நோட்டுகளை 1945இல் அடுப்பெரித்ததும் எல்லாப் பர்மாத் தமிழர் வீட்டிலும் கேட்கக்கூடியவை. தாண்டிப் போகிறேன்.

அப்பாவின் வீடு காளி கோவிலுக்கு நடந்துபோகும் தூரம். 1871இல் தமிழர்கள் கட்டிய கோவில் அது. ரங்கூனின் பழைய நகரத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அகலம் பன்னிரண்டரை அடி, நீளம் ஐம்பது அடி, ரயில் பெட்டியை நிறுத்திவைத்ததுபோல. முன்னால் ஒரு பால்கனி, பின்னால் சமையல்கட்டு, நடுவில் இருட்டு. எங்களுடையது இரண்டாம் மாடி. எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேல்நுனியில் சின்ன மணி, கீழ்நுனியில் ஒரு கிளிப்போ பையோ கூடையோ. பேப்பர்காரன், காய்க்காரி, ராத்திரி நேரம் கழித்து வரும் பிள்ளை, எல்லாரும் கீழே நின்று கயிற்றை இழுப்பார்கள். மேலே மணி அடிக்கும். சாவியும் சில்லறையும் இறங்கும், கீரையும், மொய்ஙா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸும் ஏறும். அம்மா மாடிப்படி இறங்காமலே தெருவை ஆண்டது அந்தக் கயிற்றால்தான்.

அண்டா 1953இல் வந்தது. அண்ணன் பிறந்து பெயர் வைத்தபோது, பாத்திரம் வாடகைக்குக் கேட்டு அப்பா மூன்று இடம் அலைந்திருக்கிறார். அந்தக் கோபத்தில் அம்மா தன் சீதனக் காசில் சூரத்தி பஜாரில் போய் ஈயம் பூசிய பித்தளை அண்டா ஒன்றை வாங்கிவிட்டாள். எட்டுப் பியி அரிசி வேகும். எங்கள் ஊரில் அரிசி இன்னமும் பியிக் கணக்குத்தான். எட்டு நோசிபூ, அதாவது எட்டுக் கண்டன்ஸ்டு மில்க் டப்பா, ஒரு பியி. எட்டுப் பியி என்றால் பதினேழு கிலோ வரும். பன்னிரண்டரை அடி வீட்டுக்கு இது என்ன கேடு என்று அப்பாயி கேட்டதில் நியாயம் இருந்தது. வாசலில் வைத்தால் ஆள் நுழைய முடியாது. அதனால் அது வீட்டில் இருந்ததைவிட வெளியில் இருந்த நாள்தான் அதிகம்.

காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி என்று முதலில் தமிழ் வீடுகளுக்குப் போயிற்று. பிறகு மூன்றாம் மாடிப் பர்மியர் வீட்டுப் பையனுக்குக் காவி உடுத்தும் ஷின்பியூ விழா. பிறகு கீழ்த்தளத்துப் பாய் வீட்டு டன்பாக், அதுதான் நம்ம பிரியாணி. பிறகு தெருமுனைச் சீனர்கள். வாடகை கிடையாது. இரண்டே விதி. கேட்ட நாளில் திரும்பி வர வேண்டும். வெறுமையாக வரக்கூடாது. ஒரு துண்டு மஞ்சளோ, ஒரு பிடி அரிசியோ, ஒரு கரண்டி சர்க்கரையோ உள்ளே இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது தெரிந்த வழக்கம்தான். பர்மிய வீடுகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டன. ஊறவைத்த தேயிலை ஒரு பொட்டலம், பனைவெல்லம் நாலு உருண்டை என்று அண்டாவுக்குள் வரும். திரும்பி வராவிட்டால் அம்மா போய் வாசலில் நிற்பாள். துக்க வீடு என்றாலும் நிற்பாள். "அடுத்தவனுக்கும் சாவு வரும்ல, அவன் எதுல காய்ச்சுவான்?" என்று ஒரு பதினாறாம் நாள் வீட்டில் கேட்டு, அந்தக் குடும்பம் ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை.

பாய் வீட்டுக்குப் போய்வந்த அண்டாவை வைத்து ஒரு புகைச்சல் கிளம்பியது. அதில் மாட்டிறைச்சி வெந்திருக்கும், இனி எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வேண்டாம் என்று சில பெண்கள் சொன்னார்கள். அம்மா வாதாடவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பால்கனி வெயிலில் கவிழ்த்து, "இதுக்குமேல போகாத தோஷம் இருந்தா அது தேச்சவ கையில இருக்கு" என்றாள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோவில் பொங்கலுக்கென்று தனியாக ஒரு தவலை வாங்கிப் பரணில் வைத்தவளும் அவளேதான். அதை யாருக்கும் தரமாட்டாள், தொடவும் விடமாட்டாள். அம்மாவைப் புரட்சிக்காரி ஆக்க எனக்கு ஆசை இல்லை.

1964க்கு வருகிறேன். எனக்கு ஆறு வயசு.

ராணுவத் தளபதி நெ வின் ஆட்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மார்ச் மாதம் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். அப்பா கணக்கெழுதிய ஜவுளிக்கடை 'மக்கள் கடை' ஆகி அதற்கொரு நம்பரும் வந்தது. முதலாளி கப்பலேறினார். அப்பா அதே மேசையில் அரசாங்கச் சம்பளத்துக்கு உட்கார்ந்து, இல்லாத துணிக்குக் கணக்கெழுதினார். மே 17, ஞாயிற்றுக்கிழமை, 50 சாட், 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

அம்மா அப்போது இரண்டு சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள்தான் சீட்டுக்காரர்கள். இட்லி விற்பவள், ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவள், மூன்றாம் மாடி ஆமா. இந்த 'ஆமா'வை விளக்க வேண்டும். பர்மியத்தில் அக்காவை 'அமா' என்பார்கள், அம்மாவை 'அமே'. எங்கள் வாயில் இரண்டும் குழம்பி எப்படியெப்படியோ வரும். அந்த மாதச் சீட்டுப் பணம் அரிசி டின்னுக்குள் இருந்தது, எல்லாம் பெரிய நோட்டு. கொண்டுபோய் ஒப்படைத்தால், கடை போன கணக்கப்பிள்ளை வீட்டில், அதுவும் வெளிநாட்டார் பதிவுச் சீட்டு வைத்திருப்பவர் வீட்டில், இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்பார்களே என்று அப்பா பயந்தார். கொஞ்சத்தை மட்டும் மாற்றினார்கள். மிச்சம் காகிதமாயிற்று. தம்பி ஒரு நூறு சாட் நோட்டில் கப்பல் செய்து தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் விட்டான். அதற்கு அவன் வாங்கிய அடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடிக்கான காரணம்தான் அப்போது விளங்கவில்லை.

அந்த வருஷமும் அடுத்த வருஷங்களுமாகச் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுப் போனார்கள். எங்கள் கட்டடத்திலேயே நாலு வீடு காலி. சித்தி குடும்பம் 1965இல் கப்பலேறியது. துறைமுகத்தில் நகைகளை எடுத்துப்போக விடவில்லை என்று அழுதுகொண்டே போனாள். நாங்கள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வாள். அப்பாயிக்கு முடியவில்லை, கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தது, கப்பலில் வாந்தி வரும்.

உண்மைக் காரணத்தைச் சித்திதான் சொன்னாள், முப்பது வருஷம் கழித்து, சென்னை வியாசர்பாடியில் வைத்து. பர்மாவிலிருந்து போனவர்களுக்கென்று அமைந்த குடியிருப்பு அங்கே உண்டு. எதிர்வீட்டில் அத்தோவுக்கு, அதாவது பர்மிய நூடுல்ஸுக்கு, மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி கடற்கரை ரயில் நிலையம் பக்கம் கடை போடுவார்களாம். சித்தி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, "ஒங்கம்மா சீட்டுக் காசுக்காகக் கப்பல விட்டவடி" என்றாள். செல்லாமல் போன பணம் முழுவதையும் அம்மா தன் கடனாக எடுத்துக்கொண்டாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதிப் பேர், "சர்க்கார் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே" என்று விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்களாம். அம்மா கேட்கவில்லை. வளையல் போயிற்று. தாலிச் சங்கிலி போயிற்று, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். விடியற்காலம் ஆப்பம் சுட்டுக் கயிற்றுக் கூடையில் இறக்கி விற்றாள். கடைசி ஆளுக்குக் கடைசிக் காசைக் கொடுத்தபோது 1966 பிறந்துவிட்டது. அதற்குள் கடைசிப் பிள்ளையும் பிறந்து, அப்பாயியும் படுக்கையில் விழுந்து, போவோம் போவோம் என்றே நாள் போய்விட்டது.

சித்தி இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொன்னாள். அக்காவை அப்புறம் அவள் பார்க்கவே இல்லை. எனக்கும் அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இருபது பெண்களின் சீட்டுக்காக நாலு பிள்ளைகளின் நாட்டைத் தீர்மானிக்க இவள் யார்? வியாசர்பாடியில் சித்தியின் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள், ரேஷன் கார்டு வைத்திருந்தார்கள், ஒருவன் வங்கியில் வேலை பார்த்தான். எங்களுக்கோ 1982இல் குடியுரிமைச் சட்டம் வந்து முழுக் குடிமகன், இணைக் குடிமகன், சட்டப்படி ஆக்கப்பட்ட குடிமகன் என்று மூன்று தட்டு வைத்தார்கள். 1823க்கு முன்பே உங்கள் முன்னோர் இங்கே இருந்தார்களா என்று கேள்வி. அப்பாயி வந்த கப்பல் டிக்கெட்டே எங்களிடம் இல்லை. அட்டை கைக்கு வரப் பல வருஷம் ஆனது. அதில் அம்மாவுக்கு ஒரு பர்மியப் பெயர். கோவில் ரசீதில் தமிழ்ப் பெயர். தெருவில் இரண்டும் இல்லை. ஆமா, பிறகு அமே, கடைசியில் 'அப்வா', பாட்டி. அட்டைக்காக வரிசையில் நின்ற நாட்களிலும் அவள் தன் வேலையை விடவில்லை. எழுதத் தெரியாதவர்களைக் கூட்டிக்கொண்டு போய், மனு எழுதத் தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்துவைத்து, அவனுக்குக் கூலி ஒரு வேளைச் சோறு என்று பேசிவிடுவாள். தன் மனுவை மட்டும் இரண்டு தடவை தொலைத்தாள்.

இன்னொரு கோபமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தினாள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அம்மா யார் வீட்டுப் பிரசவத்துக்கோ போயிருப்பாள். ஊருக்கெல்லாம் தாய், எனக்கு மேஸ்திரி. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "ஆமா, தப்புத்தான்" என்று ஒருநாள் ஒப்புக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். "அந்த வெங்காயத்த நறுக்கிட்டு அப்புறம் அழு" என்றாள்.

ஆனால் நான் இதைத் தமிழில் எழுதுவதும் அவளால்தான். 1965இல் தனியார் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பள்ளிகளும் அதோடு போயின. வகுப்பில் பர்மியம் மட்டும். அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் நாலாம் வகுப்புத் தமிழ். அதை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து, விரலால் அ, ஆ எழுதவைத்தாள். சிலேட்டும் கிடைக்காத காலம். பாடம் முடிந்ததும் அந்த அரிசிதான் உலைக்குப் போகும். கல் பொறுக்குவதும் பாடத்திலேயே அடக்கம். 'ழ' அவளுக்கு வராது. எங்கள் தெருவில் ஒரு தலைமுறையே 'தமிள்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. கோவிலில் பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தபோது, வந்த வாத்தியார் முதல் மாதம் முழுக்க அதைத் திருத்தினார்.

நோட்டுச் செல்லாமல் போனதிலிருந்து அவள் காசுச் சீட்டுப் பிடிக்கவே இல்லை. அரிசிச் சீட்டு, எண்ணெய்ச் சீட்டு, கொஞ்சம் வசதி வந்தபின் தங்கச் சீட்டு. எங்களுக்குப் பவுன் கணக்குக் கிடையாது. பதினாறு 'பெ' ஒரு கியத்தா. மாதம் ஒரு பெ, பதினாறு பேர், பதினாறு மாதம். அப்பா 1979இல் இறந்தபோது அவர் பெயரில் ஒரு கடனும் இல்லை, ஒரு சேமிப்பும் இல்லை. அப்புறம் 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை, மறுபடியும் ரேடியோ. இந்தத் தடவை 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது, மாற்றியும் தரமாட்டார்கள். சில நாளில் 45, 90 என்று புது நோட்டு வந்தது. ஒன்பதால் வகுபடும் எண் என்று தெருவே பேசிற்று. வீட்டுக்கு வீடு ஒப்பாரி. அம்மாவின் சீட்டில் மட்டும் ஒரு பைசா நஷ்டமில்லை. அன்று ராத்திரி அவள் என்னைக் கூப்பிட்டு, அரிசி டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே அரிசி.

மறுவருஷம் 8.8.88, அரசை எதிர்த்த கிளர்ச்சி. ஊர் முழுக்க வேலை நிறுத்தம், கடை இல்லை, பஸ் இல்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒவ்வொரு தெருமுனையிலும் மூங்கில் வேலி கட்டி, அந்தந்தத் தெருக்காரர்களே ராக்காவல் நின்றார்கள். அண்டா தெருவிலேயே இறங்கிவிட்டது. ராத்திரி காவலுக்கு நிற்பவர்களுக்குக் கஞ்சி. பர்மிய வீட்டுப் பையன்கள், பாய் வீட்டுப் பையன்கள், என் தம்பி எல்லாரும் ஒரே வரிசை. குவளை பத்தாமல் நோசிபூ டப்பாக்களில் ஊற்றினோம். குடித்துவிட்டு டப்பாவோடு நகர்ந்தவனை அம்மா அதட்டிய அதட்டலில்தான் எனக்குச் சிரட்டைக் கதை நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு சிரட்டைதான் இருந்திருக்கும். வரிசை நீளமாக இருந்திருக்கும். ஐம்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை தெரு நடுவில் தகரடப்பாவுக்காகக் கத்துவதைப் பார்த்துக்கொண்டே இதை யோசித்தேன். செப்டம்பர் 18 அன்று ராணுவம் திரும்ப வந்தது. அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள், அடியில் கஞ்சியோடு.

நர்கீஸ் புயல் 2008 மே 2ஆம் தேதி ராத்திரி அடித்தது. ஐராவதி முகத்துவாரத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். ரங்கூனில் நூறு வருஷ மரங்கள் தெருவை மறித்துக் கிடந்தன. கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை. அம்மா அன்றைக்குத்தான் ரொம்ப இடிந்துபோய் உட்கார்ந்தாள். அக்கரையில் மிச்சமிருந்த சொந்தங்களைப் பற்றி ஒரு வாரம் தகவல் இல்லை. வெளிநாட்டு உதவியை அரசாங்கம் தயங்கித் தயங்கி விட்டுக்கொண்டிருந்தபோது, ரங்கூன்காரர்கள் தாங்களாகவே லாரி பிடித்து அரிசியும் துணியும் கொண்டு போனார்கள். எங்கள் தெருப் பையன்கள் போன லாரியில் அண்டாவும் போயிற்று. "எப்பத் திருப்பித் தருவீங்க?" என்று அம்மா கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அவள் கேட்காமல் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு மாதம் கழித்து, ஒரு காது உடைந்து, உள்ளே ஒரு பிடி உப்போடு வந்தது.

வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது பர்மிய வழக்கம். போகிறவர் வருகிறவர் குடிக்க மேடை கட்டி, மண்பானையும் மூடியும் குவளையும் வைப்பார்கள். புண்ணியம் என்பார்கள். எங்கள் கட்டடத்துப் பானைக்கு எழுபது வருஷம் தண்ணீர் ஊற்றியது அம்மா. மூட்டுவலி வந்து படி இறங்க முடியாமல் போனபின், கயிற்றில் வாளி கட்டி இறக்கி, கீழே போகிற யாரையாவது கூப்பிட்டு ஊற்றச் சொல்வாள். ரோந்து வந்த சிப்பாயையும் ஊற்றச் சொல்லியிருக்கிறாள். ஊற்றினான்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மறுபடியும் ராணுவம். மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு ஊரே பால்கனிக்கு வந்து தட்டையும் சட்டியையும் தட்டியது. பேயை விரட்டப் பாத்திரம் தட்டுவது பழைய பர்மிய வழக்கம். அம்மாவுக்கு 89 நடந்துகொண்டிருந்தது. காது பாதி கேட்காது, இந்தச் சத்தம் மட்டும் கேட்டுவிட்டது. "என்னடி, போகியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அண்டா மூடியை எடுத்துவரச் சொன்னாள். பேரன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜல்லிக்கரண்டியால் அடித்தாள். பித்தளைச் சத்தம் தெருவில் தனியாகக் கேட்டது. ஒவ்வொரு ராத்திரியும் எட்டு மணிக்கு. மாத்திரை போட மறப்பாள், இதை மறக்கவில்லை. என்ன நினைத்து அடித்தாள் என்று கேட்டதில்லை. ஒருநாள் அவளாகவே, "ரேடியோவுல சொன்னானே, அப்பவே அடிச்சிருக்கணும்" என்றாள். எந்த வருஷத்து ரேடியோ என்று சொல்லவில்லை.

அந்த ஜூலையில் கொரோனா. ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு சனம் வரிசையில் நின்றது. சாப்பாடு இல்லாத வீட்டில் வெள்ளைத் துணி, மருந்து வேண்டிய வீட்டில் மஞ்சள் துணி கட்டித் தொங்கவிட்டார்கள். அம்மாவை நாற்காலியோடு பால்கனிக்கு இழுத்துவிட்டால் எந்த வீட்டில் என்ன நிறம் என்று எண்ணிச் சொல்வாள். கண்ணும் அப்போது மங்கல். வெள்ளையை மஞ்சள் என்பாள். ஆகவே எல்லா வீட்டுக்கும் கஞ்சி போயிற்று. கயிறு கயிறாக, கூடை கூடையாக, யாரும் யாரையும் தொடாமல். எதிர்ச்சாரியில் ஒரு வீட்டுக் கூடை நாலு நாள் எடுக்கப்படாமல் தொங்கியது. அதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், தூக்கத்திலேயே போனாள். நோவு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. சாவு வீட்டுக்கு அண்டா தேடினால், காணோம். அம்மா அதை யாருக்குக் கொடுத்தாள் என்பது அவள் தலைக்குள்தான் இருந்தது, எழுதிவைக்கிற வழக்கமே கிடையாது. மூடி மட்டும் கட்டிலடியில் கிடந்தது. மூன்றாம் மாடி ஆமாவின் மருமகள் தன் வீட்டு அலுமினியப் பானையில் தேநீர் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறிட வேண்டும் என்றார்கள் பர்மிய வீட்டார். நமக்குப் பதினாறுதான் என்றாள் தங்கை. கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. இரண்டையும் செய்தோம். ஏழாம் நாள் செலவை அவர்கள் எங்களை ஏற்கவிடவில்லை. பாய் வீட்டிலிருந்து பேரீச்சம்பழம் வந்தது.

பதினாறு முடிந்து பந்தலைப் பிரித்த சாயங்காலம் கயிற்று மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளிய பையன்கள் இரண்டு பேர், நடுவில் அண்டா. அவர்கள் பாட்டியும் அதே வாரம்தான் இறந்திருக்கிறாள். அம்மா சாவதற்கு மூன்று நாள் முன்னால் கொடுத்துவிட்டாளாம். மேலே கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ஒரு மஞ்சள் துண்டும் கொஞ்சம் அரிசியும்.

நான் அதைத் தேய்த்துக் கவிழ்த்துக்கூட வைக்கவில்லை, மறுபடி மணி. தெருமுனை வீட்டுப் பெண். அக்காவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், அப்வாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தோம் என்றாள்.

"என்னைக்குத் திருப்பித் தருவே?" என்று கேட்டேன்.

"திங்கட்கிழமை."

"மூடி நெளிஞ்சிருக்கு, சரியா உக்காராது. மேல ஒரு பலகைய வெச்சுக்க."